கருவி மாற்றமும் கட்டணமும்

மக்கள் வாழ்க்கைக்கு இன்றியமையாதன இவையென நம் முன்னோர் வகுத்த வரிசையிலே கையடக்கத் தொலைபேசிக்கு இடமில்லை. ஆயினும், இன்று கொழும்பிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வாழும் ஒருவர் அதனை வீட்டில் மறந்து வந்துவிட்டாரெனின், பாதி வழியிலிருந்து திரும்பிச் சென்று எடுத்து வருதலை நாம் நாள்தோறும் காண்கின்றோம். வங்கி அனுப்பும் இரகசிய இலக்கம் அதில் வருகின்றது. பாடசாலை அறிவித்தல் அதில் வருகின்றது. கனடாவிலும் இலண்டனிலும் வாழும் பிள்ளைகளின் முகம் அதில் தோன்றுகின்றது. இத்தகைய கருவி சில ஆண்டுகளிற் பழுதடைகின்றது. அன்றேல் புதிய செயலிகளுக்கு ஈடுகொடுக்க மாட்டாது பின்தங்குகின்றது. ஆதலின், கருவியை மாற்றுதல் ஆடம்பரம் என்னும் நிலை நீங்கி, மூக்குக்கண்ணாடியை மாற்றுதல் போன்றதொரு தேவையாயிற்று. அம்மாற்றத்தின்பொழுது சேவை நிறுவனங்கள் அறவிடும் கட்டணங்களையும், அவற்றால் வாடிக்கையாளரிடத்து எழும் மனக்கசப்பின் காரணத்தையும் ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இப்பொருளை யான் எடுத்துக்கொண்டதற்கு ஒரு சிறு நிகழ்ச்சி காரணம். சென்ற ஆண்டு எனது பழைய தொலைபேசி செயலிழந்தது. புதியதொன்றை வாங்கிக்கொண்டு, பழைய இலக்கத்தை அதற்கு மாற்றும் பொருட்டு நுகேகொடையில் ஒரு சேவை நிறுவனத்தின் கிளைக்குச் சென்றேன். அலுவல் கால் மணி நேரத்தில் முடிந்தது. கையிற் கிடைத்த பற்றுச்சீட்டில், சிம் அட்டையின் விலைக்குக் கீழே, 'சேவைக் கட்டணம்' எனப் பிறிதொரு வரி காணப்பட்டது. தொகை சில நூறு ரூபாவே. "இஃது எந்தச் சேவைக்கு?" என்று கேட்டேன். மேசைக்கு அப்பால் இருந்த பெண் என்னிடம் கணிதம் பயின்றவள். "சேர், அது கணினியிலே தானாக விழுகிறது, நாங்கள் போடுவதில்லை" என்றாள். அவளை நோவதற்கு ஒன்றுமில்லை. ஆயின், கேட்டவருக்கும் தெரியாத, கொடுத்தவருக்கும் தெரியாத ஒரு தொகை எவ்வாறு ஒரு பற்றுச்சீட்டிலே இடம்பெற்றது என்னும் வினா மட்டும் என்னை விட்டு நீங்கவில்லை.

பொருளாராய்ச்சிக்கு முன்னர்ச் சொற்களைத் தெளிவுபடுத்துதல் நன்று. நாம் ஒரு கடையிற் கொடுக்கும் பணம் மூவகைப்படும். முதலாவது விலை, அது பொருளுக்கு ஈடாகக் கொடுக்கப்படுவது. இரண்டாவது வரி, அது சட்டத்தின் வழி அரசைச் சேர்வது. மூன்றாவது கட்டணம்; அது ஒருவர் நமக்காகச் செய்த வேலைக்கு ஈடாகக் கொடுக்கப்படுவது. விலைக்குப் பொருள் சான்று. வரிக்குச் சட்டம் சான்று. கட்டணத்துக்கு வேலையே சான்று. எந்த வேலைக்கென்று கூறவியலாத கட்டணம் இம்மூன்றினுள் ஒன்றிலும் அடங்காது. வாடிக்கையாளர் சினங்கொள்வது பெரும்பாலும் இந்த நான்காவது வகையைக் கண்டே என்பதை மேல்வரும் செய்திகள் காட்டும்.

கருவி மாற்றத்துக்கென்றே தனிப்பெயரோடு ஒரு கட்டணம் வளர்ந்த நாடு ஐக்கிய அமெரிக்கா ஆகும். அதன் வரலாற்றை அறிதற்குச் சற்றுப் பின்னோக்கிச் செல்லல் வேண்டும். அந்நாட்டிற் கம்பித் தொலைபேசியை நெடுங்காலம் ஆட்சிசெய்த பெல் அமைப்பு, தனது கம்பியிற் பிறருடைய கருவி எதனையும் பொருத்த விடவில்லை. வீட்டிலுள்ள தொலைபேசியும் நிறுவனத்துக்கே சொந்தம். குடியிருப்போர் மாதந்தோறும் வாடகை செலுத்தினர். 1968ஆம் ஆண்டிலே 'காட்டர்போன்' என்னும் கருவி பற்றிய வழக்கிலே, வலையமைப்புக்குத் தீங்கு செய்யாத கருவியை வாடிக்கையாளர் தாமே பொருத்தலாம் என்று அந்நாட்டின் கூட்டாட்சித் தொடர்பு ஆணைக்குழு தீர்ப்பளித்தது. கம்பி நிறுவனத்துடையது, கருவி நம்முடையது என்னும் கொள்கை அன்றுதான் வேரூன்றியது.

கையடக்கத் தொலைபேசி வந்தபொழுது, இப்பிரிவு மறுபடியும் மங்கியது. விலையுயர்ந்த கருவியைக் குறைந்த விலைக்குக் கொடுத்து, ஈராண்டு ஒப்பந்தத்தில் வாடிக்கையாளரைப் பிணைத்து, மாதக் கட்டணத்தினூடாக அவ்விழப்பை மீட்கும் முறை அமெரிக்காவிற் பரவியது. 2008ஆம் ஆண்டிலே ஐபோன் 3ஜி என்னும் கருவி, ஈராண்டு ஒப்பந்தத்துடன் 199 டொலருக்கு விற்கப்பட்டது இம்முறைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு. கருவியின் மீதி விலையை நிறுவனமே முதலில் ஏற்றது. நம் அண்டை நாடான இந்தியாவிலும் 2003ஆம் ஆண்டிலே றிலையன்ஸ் நிறுவனம் 501 ரூபா முற்பணத்துடன் தொலைபேசியைக் கொடுத்து, எஞ்சியதை மாதந்தோறும் அறவிட்டமை ஒருவாறு இதனோடு ஒப்பிடத்தக்கது.

ஒப்பந்தம் முடிந்து, அதே நிறுவனத்தில் இருந்துகொண்டே புதிய கருவியைப் பெறுவோரிடம் அறவிடப்பட்டதே கருவி மாற்றக் கட்டணம். 2012ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏ.ரி. அன்ட் ரி. நிறுவனம் இதனை 18 டொலரிலிருந்து 36 டொலராக, அஃதாவது இருமடங்காக, உயர்த்தியது. அவ்வாண்டு ஏப்பிரலில் வெறிசோன் நிறுவனம் 30 டொலர்க் கட்டணத்தைப் புதிதாக விதித்தது. நான்கு கருவிகள் உள்ள குடும்பமொன்று அவற்றை 36 டொலர் வீதம் மாற்றுமாயின், கருவியின் விலைக்கு மேலாக 144 டொலர் செலுத்த வேண்டியதாயிற்று. கருவிக்கு நாம் கொடுக்கும் மானியம் பெரிது; வாடிக்கையாளருக்கு வழிகாட்டவும் அலுவலர் வேண்டும்; ஆதலின் இக்கட்டணம் தேவை என்று நிறுவனங்கள் காரணங் கூறின.

அக்காரணம் எத்துணை வலிமையுடையது என்பதைக் காலமே சோதித்தது. 2013ஆம் ஆண்டில் ரி-மொபைல் நிறுவனம் ஈராண்டு ஒப்பந்த முறையைக் கைவிட்டு, கருவியின் முழு விலையையும் தவணையாக வாங்கிக்கொள்ளும் முறையைக் கொண்டுவந்தது. 2015ஆம் ஆண்டில் வெறிசோன் நிறுவனமும், 2016ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏ.ரி. அன்ட் ரி. நிறுவனமும் புதிய ஒப்பந்தங்களை நிறுத்தின. மானியம் ஒழிந்தது, வாடிக்கையாளர் கருவியின் முழு விலையையுந் தாமே செலுத்தலாயினர். அவ்வாறாயின், மானியத்தைக் காட்டி விதிக்கப்பட்ட கட்டணமும் உடன் ஒழிந்திருத்தல் வேண்டுமன்றோ? ஒழியவில்லை. சிறிது காலம் சில இடங்களிற் குறைந்து, பின்னர் 30 டொலரும் அதற்கு மேலுமாக உயர்ந்து நின்றது. காரணம் இறந்தும் காரியம் வாழ்ந்தது. வீட்டிலிருந்தவாறே கருவியைத் தருவித்து, தமது கையாலேயே சிம் அட்டையைச் செருகிக்கொண்டவரும் அக்கட்டணத்தைக் கொடுக்க நேர்ந்தபொழுது, 'எனக்காக எவர் எந்த வேலையைச் செய்தார்?' என்று அவர் கேட்டமை நியாயமேயாம்.

இங்கே ஒரு ஐயம் எழலாம். இத்துணை வெறுப்புக்குள்ளான கட்டணத்தை மக்கள் ஏன் எதிர்த்து நீக்கவில்லை? எதிர்த்தால் நீங்கும் என்பதற்கும் அந்நாட்டிலேயே சான்று உண்டு. 2011ஆம் ஆண்டு டிசெம்பர் 29ஆந் திகதி வெறிசோன் நிறுவனம், இணையத்தின் வழியாகவோ தொலைபேசியின் வழியாகவோ மாதக் கணக்கை ஒருமுறைச் செலுத்துகையாகக் கட்டுவோரிடம் 2 டொலர் 'வசதிக் கட்டணம்' அறவிடப்போவதாக அறிவித்தது. மக்களிடையே பெருங்கூக்குரல் எழுந்தது. மறுநாளே அறிவித்தல் மீளப்பெறப்பட்டது. 2 டொலரை ஒரே நாளில் வீழ்த்திய அதே மக்கள், நான்கு மாதங் கழித்து வந்த 30 டொலரை வீழ்த்த மாட்டாது போயினர்.

இவ்வேறுபாட்டின் காரணத்தை எண்ணிப் பார்ப்போம். 2 டொலர்க் கட்டணம், ஒரே காலத்தில், பெருந்தொகையான மக்களை நோக்கி வந்தது. எல்லோருக்கும் ஒருங்கே வலித்தது. ஆதலின் எல்லோரும் ஒருங்கே குரலெழுப்பினர். கருவி மாற்றக் கட்டணமோ, ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு நாளில், ஈராண்டுக்கு ஒருமுறை, அதுவும் புதிய கருவி கையில் வந்த மகிழ்ச்சியினிடையே வருவது. ஒருவர் சினங்கொள்ளும் நாளில் அடுத்த வீட்டார் சினங்கொள்வதில்லை. ஆயிரம் டொலர் கொடுத்து வாங்கிய கருவியின் அருகே 35 டொலர் சிறிதாகவுந் தோன்றுகின்றது. மழை ஒரே நாளிற் கொட்டினால் ஊரார் திரண்டு வாய்க்கால் வெட்டுவர். ஒவ்வொரு வீட்டின் கூரையிலும் ஒவ்வொரு நாள் ஒழுகினால், அவரவர் ஒரு சட்டியை வைத்துவிட்டு உறங்கச் செல்வர். தொகையின் பெருமை சிறுமையன்று, அது பரந்து விழும் முறையே கட்டணத்தின் ஆயுளை நிருணயிக்கின்றது என்பது இதனாற் பெறப்படும்.

இனி, நமது நாட்டை நோக்குவோம். இலங்கையில் 1989ஆம் ஆண்டிலே செல்டெல் நிறுவனம் கையடக்கத் தொலைபேசிச் சேவையைத் தொடங்கியது. தென்னாசியாவில் இத்துறையில் முந்திக்கொண்ட நாடு நமது என்பது பலரும் மறந்துவிட்ட செய்தி. 1993ஆம் ஆண்டில் மொபிடெலும், 1995ஆம் ஆண்டில் டயலொக்கும் வந்தன. 2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எயார்டெல்லும் வந்துசேரவே, ஐந்து நிறுவனங்கள் போட்டியிட்டன. பின்னர், 2018ஆம் ஆண்டில் ஹட்சும் எற்றிசலாற்றும் இணைந்தன. 2024ஆம் ஆண்டு யூன் மாதத்தில் எயார்டெல் டயலொக்குடன் இணைந்தது. ஐந்து மூன்றாயிற்று.

அமெரிக்காவிற் போல ஈராண்டு ஒப்பந்தத்தில் மலிவான கருவி கொடுக்கும் வழக்கம் இங்கே பெரிதும் வேரூன்றவில்லை. நம்மவரிற் பெரும்பாலோர் முற்கொடுப்பனவு முறையில், ரீலோட் செய்து பேசுவோர். கருவியை ஒரு கடையிலும், சிம் அட்டையை மற்றொரு கடையிலும் வாங்குவோர். வெள்ளவத்தையிற் காலி வீதியிலும், நுகேகொடையில் ஹைலெவல் வீதியிலும் உள்ள தொலைபேசிக் கடைகளில் விற்கப்படும் கருவி எந்த நிறுவனத்துக்கும் கட்டுப்பட்டதன்று. ஆதலின், கருவி மாற்றக் கட்டணம் என்னும் பெயர் இங்கே வழக்கில் வரவில்லை. ஆனாற் பெயர் வராவிடினும் பொருள் வந்தது. அது மூன்று வழிகளிலே வந்தது.

முதலாவது வழி சிம் அட்டை. கருவிகள் மெலிய மெலிய, அதனுட் செருகும் அட்டையுஞ் சிறுத்தது. பெரிய அட்டை மைக்குரோ அட்டையாகவும், அது நனோ அட்டையாகவும் ஆயிற்று. 2013ஆம் ஆண்டில் நான்காந் தலைமுறைச் சேவை கையடக்கத் தொலைபேசிக்கு வந்தபொழுது, பழைய அட்டை வைத்திருந்தோர் அதனைப் பெறுதற்குப் புதிய அட்டையை நாட வேண்டியிருந்தது. இன்று அட்டையே இல்லாத இ-சிம் வந்துவிட்டது. ஒவ்வொரு மாற்றத்திலும் வாடிக்கையாளர் கிளைக்குச் செல்லுதலும், அடையாள அட்டையைக் காட்டுதலும், ஏதேனும் ஒரு தொகை கேட்கப்படின் அதனைக் கொடுத்தலும் நிகழ்கின்றன. அட்டை கொடுத்தபொழுது அட்டைக்கென்று காரணங் கூறலாம். அட்டையே இல்லாதபொழுதும் அட்டைக்குரிய தொகையே கேட்கப்படுமாயின், அமெரிக்காவிற் கண்ட கதை இங்கும் தொடங்குகின்றது எனலாம்.

இரண்டாவது வழி வரி. 2011ஆம் ஆண்டின் தொலைத்தொடர்பு அறவீட்டுச் சட்டம், நாம் பேசும் பேச்சின் மீது 20 வீத அறவீட்டை விதித்தது. அதன் வீதம் பின்னர்ப் பலமுறை மாறியது. பெறுமதி சேர் வரியோ 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 8 வீதமாக இருந்து, அவ்வாண்டிலேயே 12 ஆகவும் 15 ஆகவும் உயர்ந்து, 2024ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி 18 வீதமாயிற்று. அதுகாறும் அவ்வரியிலிருந்து விலக்குப் பெற்றிருந்த கையடக்கத் தொலைபேசிக் கருவிகளும் அன்றே அதன் கீழ் வந்தன. 60,000 ரூபாக் கருவிக்கு 18 வீதம் 10,800 ரூபா. வாங்குவோர் கொடுப்பது 70,800 ரூபா. இதனை விதித்தது நிறுவனமன்று. எனினும் கடைக்காரர் கேட்கும் தொகையில் விலை எவ்வளவு, வரி எவ்வளவு எனப் பிரித்துக் காட்டாவிடின், வாடிக்கையாளரின் சினம் கடைக்காரர் மீதே பாய்கின்றது. அவ்வாறே, உண்மையில் நிறுவனம் சேர்த்த கட்டணத்தை வரியென எண்ணி வாளாவிருப்பாரும் உளர். தெளிவின்மை நல்லவரையும் குற்றவாளியாக்குகின்றது, குற்றமுடையவரையும் மறைத்துவிடுகின்றது.

மூன்றாவது வழி கருவியின் பதிவு. ஒவ்வொரு கருவிக்கும் ஐ.எம்.இ.ஐ. எனப்படும் 15 இலக்கங்கொண்ட அடையாளம் உண்டு. தொலைபேசியில் *#06# என அழுத்தினால் அதனைக் காணலாம். 2025ஆம் ஆண்டு சனவரி இறுதியிலிருந்து, தம்மிடம் பதிவுபெறாத புதிய கருவிகள் உள்நாட்டு வலையமைப்புகளில் இயங்க மாட்டா என்றும், முன்னரே இணைந்திருந்த கருவிகளுக்குப் பாதிப்பில்லை என்றும் இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு அறிவித்தது. வெளிநாட்டு உறவினர் அனுப்பும் கருவிகளை நம்பியிருக்கும் குடும்பங்கள் நம்மிடையே பல. மலிவென்று வாங்கிய கருவி பதிவற்றதாயின், மிச்சப்படுத்திய பணமும் இழந்த பணமும் ஒன்றாகிவிடும். கருவியின் அடையாள இலக்கத்தைக் குறுஞ்செய்தியாக 1909க்கு அனுப்பிப் பதிவை அறிந்துகொள்ளலாம். பணத்தைக் கொடுத்த பின்னரன்று, கொடுப்பதற்கு முன்னர்ச் செய்ய வேண்டிய வேலை இது.

இனி, நிறுவனத்தாரின் பக்கத்தையும் கேட்டல் நடுவுநிலைமைக்கு அழகு. இலக்கத்தை மாற்றும்பொழுது வந்தவர் அதன் உரிமையாளர்தாமா என ஆராய்தல் வேண்டும். பிறர் நம் இலக்கத்தைக் கைப்பற்றினால் வங்கிக் கணக்கும் அவர் கைக்குப் போகும். அவ்வாராய்ச்சிக்கு ஆள் வேண்டும். ஆளுக்குச் சம்பளம் வேண்டும். கிளைக்கு வாடகை வேண்டும். இவ்வேலைக்குக் கட்டணங் கேட்பது பிழையன்று. பிழை எங்கே உளதெனின், மூன்று இடங்களில் உளது. வேலையின் பெயரைக் கூறாமை ஒன்று; முன்னரே அறிவியாது பற்றுச்சீட்டில் முதன்முதலாகக் காட்டுதல் மற்றொன்று; புதிதாக வருவோருக்குச் சலுகை கொடுத்து, பல்லாண்டு உடனிருந்தவரிடம் அறவிடுதல் மூன்றாவது. இம்மூன்றாவதே மனத்தை அதிகம் புண்படுத்துவது. பிரிந்து செல்பவருக்குத் தண்டனை விதிப்பதை ஒருவாறு விளங்கிக்கொள்ளலாம். பிரியாதிருந்தவருக்கு விதிப்பதை விளங்கிக்கொள்ளுதல் அரிது.

'பிடிக்கவில்லையாயின் வேறு நிறுவனத்துக்குச் செல்லலாமே' என்பார் உளர். செல்வதற்குத் தடையாயிருப்பது இலக்கமே. வங்கியும், பாடசாலையும், வெளிநாட்டு உறவினரும் அறிந்த இலக்கத்தை இழக்க ஒருவரும் துணியார். இந்தியாவில் 2010ஆம் ஆண்டு நவம்பரில் ஹரியானாவிலும், 2011ஆம் ஆண்டு சனவரியில் நாடு முழுவதிலும், இலக்கத்தை மாற்றாது நிறுவனத்தை மாற்றும் உரிமை வழங்கப்பட்டது. இலங்கையர் அவ்வுரிமை இன்றியே அதன்பின்னும் பல்லாண்டு கழித்தனர். வாயில் திறந்துள்ள வீட்டில் விருந்தினரை மதிப்பர். வாயில் அடைத்த வீட்டில் மதிப்பது உள்ளிருப்போரின் விருப்பத்தைப் பொறுத்தது.

வாடிக்கையாளர் செய்யத்தக்கன யாவை? இலக்கத்தை மாற்றுவதற்கு முன்னரே மொத்தத் தொகை எவ்வளவு என்று கேட்டல் வேண்டும். விலை, வரி, கட்டணம் என்னும் மூன்றையும் பிரித்தெழுதிய பற்றுச்சீட்டைப் பெறுதல் வேண்டும். கட்டணத்துக்கு எதிரே எந்த வேலை என்று வினவுதல் வேண்டும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், பற்றுச்சீட்டைக் கேட்டுப் பெறும் உரிமையை நமக்கு அளிக்கின்றது. அவ்வதிகாரசபைக்கு 1977 என்னும் இலக்கத்தில் முறையிடலாம். சேவை பற்றிய முறைப்பாட்டை, 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டமும் அதன் 1996ஆம் ஆண்டுத் திருத்தமும் வழியமைத்த ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு எழுதலாம். தனியொருவர் எழுதுங் கடிதம் சிறிதே. ஆயினும், வெவ்வேறு நாளில் விழும் துளிகளை ஓரிடத்திற் சேர்த்து வைக்கும் பாத்திரம் அத்தகைய கடிதங்களே என்பதை மறத்தலாகாது. 2 டொலரை வீழ்த்தியது பலர் ஒருங்கே எழுப்பிய குரலன்றோ?

வாங்குங்கால் அளவின் மிக வாங்காமலும், விற்குங்கால் அளவிற் குறையக் கொடாமலும் வாழ்ந்த காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பட்டினப்பாலை பாராட்டுகின்றது. வெளிப்படையாக விலை கூறி விற்றமையும் அவர் சிறப்புகளில் ஒன்று. அன்று சந்தையில் வாயாற் கூறப்பட்டது இன்று பற்றுச்சீட்டில் எழுதப்படுகின்றது, வேறுபாடு அவ்வளவே.

அந்நிகழ்ச்சியின் பின்னர், எட்டாந் தர மாணவர்க்கு நூற்றுவீதம் கற்பிக்கும் பாடத்திலே பாடநூற் கணக்கோடு உண்மைப் பற்றுச்சீட்டுகளையும் கொண்டுவரச் செய்கின்றேன். விலையைப் பிரி, வரியைக் கணி, எஞ்சியது யாது எனக் கூறு என்பதே கணக்கு. எஞ்சியதற்குப் பெயர் கூற இயலாத மாணவன், "சேர், இது எதற்கு?" என்று கேட்கின்றான். விடை எனக்கும் தெரியாதபொழுது, வீட்டாரோடு சென்று கடையிலே கேட்டு வருமாறு அனுப்புகின்றேன். அவ்வினாவைக் கூச்சமின்றிக் கேட்கப் பழகிய தலைமுறையொன்று நாளை மேசையின் இருபுறமும் அமரும். அன்று, கணினியில் தானாக விழுந்தது என்னும் விடையைக் கொடுக்க எவரும் நாணுவர். கொடுத்தால் ஏற்பாரும் இரார்.